இரத்தம் ஏற்றும்போது வரும் காய்ச்சல்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களுள் நான்கு ஒரே பொருளைப் பற்றியவை என்பதால், மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் விடையளிக்கிறேன்.

கேள்வி: என் தாயாருக்கு 64 வயது. எலும்பு மஜ்ஜைக் கோளாற்றால் இரத்தசோகை ஏற்பட்டு, ஓராண்டாக மூன்று வாரங்களுக்கு ஒரு முறை மருத்துவமனையில் இரத்தம் ஏற்றிக்கொள்கிறார். அண்மையில் இரண்டு முறை, பாதிப் பை ஏறியிருந்தபோது அவருக்குக் குளிர்நடுக்கம் கண்டு, உடல் வெப்பம் 38.4 டிகிரி வரை உயர்ந்தது. தாதியர் உடனே ஏற்றுவதை நிறுத்திவிட்டனர். வேறு பிரிவு இரத்தத்தைக் கொடுத்துவிட்டார்களோ என்று அஞ்சுகிறோம். எனக்கும் தம்பிக்கும் அம்மாவின் பிரிவுதான். எங்கள் இரத்தத்தையே கொடுத்தால் காய்ச்சல் வராமல் இருக்குமா? (ஈசூன் வாசகி)

பதில்: முதலில் அச்சத்தைப் பற்றி. பிரிவு மாறிய இரத்தம் ஏறினாலும் முதல் அறிகுறி காய்ச்சலும் நடுக்கமுமாகவே இருக்கக்கூடும் என்பதால்தான் தாதியர் சற்றும் தயங்காமல் நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகு உப்புநீரைச் செலுத்தி இரத்தக்குழாய் வழியைக் காத்து, கைப்பட்டையிலுள்ள பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் பையோடு மீண்டும் ஒப்பிட்டு, பையையும் புதிய இரத்த மாதிரியையும் சோதனைக்கு அனுப்புவது வழக்கம். முதுகின் கீழ்ப்பகுதியில் வலி, சிறுநீர் கறுத்துப்போதல், மூச்சுத்திணறல், இரத்த அழுத்தம் சரிதல் ஆகியவை இல்லாமல், சோதனைகளிலும் குறை ஏதும் தென்படாவிட்டால், ஏற்றும்போதோ முடிந்து நான்கு மணி நேரத்துக்குள்ளோ உடல் வெப்பம் குறைந்தது ஒரு டிகிரி உயர்ந்து 38 டிகிரியைத் தொடுவதை, இரத்தச் சிவப்பணுக்கள் சிதையாமல் வரும் காய்ச்சல் எதிர்விளைவு என்கிறோம். துன்பம் தருவது, ஆனால் தானே அடங்குவது. உங்கள் தாயாருக்கு வந்தது பெரும்பாலும் இதுவாகவே இருக்கலாம். எனினும் அந்த முடிவுக்கு மற்றவற்றையெல்லாம் விலக்கிய பிறகே வர வேண்டும். மஜ்ஜைக் கோளாறு உள்ளவர்களுக்கு வெள்ளையணுக்கள் குறைந்து கிருமித்தொற்று எளிதில் பற்றுவதால், இரத்தத்துக்குத் தொடர்பே இல்லாத காய்ச்சலும் அதே நேரத்தில் தலைகாட்டலாம்.

இந்தக் காய்ச்சலுக்குக் காரணம், நமக்குத் தேவையான சிவப்பணுக்களோடு அழையா விருந்தாளிகளாக வரும் கொடையாளரின் வெள்ளையணுக்கள். அவை இரண்டு வழிகளில் தொல்லை தருகின்றன. ஒன்று, பெறுபவரின் உடலில் முன்பே உருவாகியிருக்கும் எதிர்ப்பொருள்கள் (அந்நிய அணுக்களை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதங்கள்) அவற்றைத் தாக்குவதால் காய்ச்சல் உண்டாவது. மற்றொன்று, பை சேமிப்பில் இருக்கும் நாள்களில் அவை சைட்டோகைன் எனப்படும் காய்ச்சல் தூண்டும் பொருள்களை வெளியிட்டுச் சேர்த்துவைப்பது. பிளேட்லெட் (இரத்தம் உறைய உதவும் நுண்ணணுக்கள்) பைகளைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்காமல் 20 முதல் 24 டிகிரி வெப்பத்தில் அசைத்துக்கொண்டே வைப்பதால், இந்த இரண்டாம் வகைத் தொல்லை அவற்றில் மிகுதி.

முதல் வழியைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் கடைசிக் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. 1957இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் பணியாற்றிய ரோஸ் பெய்ன் என்ற ஆய்வாளர், இரத்தம் ஏற்றியபோது காய்ச்சல் கண்டவர்களிடம் வெள்ளையணுக்களைத் தாக்கும் எதிர்ப்பொருள்கள் இருப்பதைக் காட்டினார். பலமுறை இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களிடம் மட்டுமின்றி, பிள்ளை பெற்ற தாய்மாரிடமும் அவை காணப்படுவது அடுத்த ஆண்டே தெரியவந்தது. கருவிலிருக்கும் குழந்தையின் அணுக்களில் பாதி அடையாளம் தந்தையுடையது. அது தாயின் உடலுக்குப் புதிது என்பதால், அதற்கெதிராக உருவாகும் எதிர்ப்பொருள் சிலரிடம் பல ஆண்டுகள் கழித்தும் தங்கிவிடுகிறது. அப்படியானால் உங்கள் தாயாருக்கு ஒவ்வாமல் போகக்கூடிய அணுக்கள் யாருடையவை என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் தந்தையுடையவை, அந்த அடையாளத்தைப் பாதி சுமக்கும் உங்களுடையவை, தம்பியுடையவை! ஏ, பி, ஓ பிரிவு ஒத்துப்போவது வேறு, வெள்ளையணுக்களின் அடையாளம் ஒத்துப்போவது வேறு. இது மட்டுமன்று. நெருங்கிய உறவினரின் இரத்தத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தாமல் ஏற்றினால், அந்த வெள்ளையணுக்கள் பெறுபவரின் உடலையே தாக்கும் மிக அரிய, ஆனால் உயிர்கொல்லும் ஆபத்தும் உண்டு. (கதிர்வீச்சு காய்ச்சலைத் தடுக்காது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.) ஆகவே தம்பிக்கு இரத்தம் கொடுக்க மனமிருந்தால், சிங்கப்பூரின் ஊட்ரம் சாலையிலுள்ள இரத்த வங்கியிலோ மற்றக் கிளைகளிலோ பொதுவில் கொடுக்கட்டும். 45 கிலோவுக்குக் குறையாத எடையுள்ள, உடல்நலமுள்ள ஒருவர் 12 வாரங்களுக்கு ஒரு முறை கொடுக்கலாம். அது வேறோர் அம்மாவுக்குப் போய்ச் சேரும், உங்கள் அம்மாவுக்கு முன்பின் அறியாத ஒருவருடையது வரும்.

காய்ச்சலைக் குறைக்கும் வழிகளுள் மிகப் பயனுள்ளது, வெள்ளையணுக்களை வடிகட்டி நீக்குவது. வடிகட்டாத ஒரு சிவப்பணுப் பையில் வெள்ளையணுக்கள் நூறு கோடிக்கும் மேலிருக்கும். இன்றைய வடிகட்டிகள் அவற்றை அமெரிக்க அளவுகோல்படி 50 இலட்சத்துக்கும், ஐரோப்பிய அளவுகோல்படி 10 இலட்சத்துக்கும் கீழே கொண்டுவருகின்றன. இரத்தம் எடுத்தவுடன், சேமிப்புக்கு அனுப்பும் முன்பே வடிகட்டுவதுதான் சிறப்பு. தாயாருக்கு ஏற்றப்பட்ட பை அவ்வாறு வடிகட்டப்பட்டதா என்பதை அதன் சிட்டையைக் கொண்டு தாதியே சொல்லிவிடுவார். வடிகட்டிய இரத்தத்துக்கும் திரும்பத் திரும்பக் காய்ச்சல் வருமானால், எஞ்சிய பிளாஸ்மாவை (இரத்தத்தின் நீர்ப்பகுதியை) உப்புநீரில் கழுவி நீக்கிய சிவப்பணுக்களைத் தருவது பற்றி மருத்துவர் முடிவு செய்யலாம். கழுவும்போது அணுக்களில் ஒரு பகுதி வீணாவதாலும், கழுவிய பையை 24 மணி நேரத்துக்குள் ஏற்றிவிட வேண்டியிருப்பதாலும் அதை எல்லாருக்கும் செய்வதில்லை.

கேள்வி: என் தந்தைக்கு முன்பெல்லாம் இரத்தம் ஏற்றும் முன் பனடோல் இரண்டும் ஒவ்வாமை மாத்திரை ஒன்றும் கொடுப்பார்கள். இப்போது மருத்துவர் மாறியதும் நிறுத்திவிட்டார்கள். சிக்கனமா, அலட்சியமா? (ஜூரோங் வெஸ்ட் வாசகர்)

பதில்: இரண்டும் இல்லை என்றே கருதுகிறேன். பனடோலில் சிக்கனம் பிடித்து எந்த மருத்துவமனையும் செழித்துவிடாது. உண்மை மாத்திரையையும் போலி மாத்திரையையும் யாருக்கு எது என்று தெரியாமல் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வுகளில், முன்கூட்டிக் கொடுக்கும் இந்த மருந்துகள் எதிர்விளைவுகளை மொத்தத்தில் குறைத்ததாகத் தெரியவில்லை. ஒவ்வாமை மாத்திரைக்குக் காய்ச்சலைத் தடுக்கும் ஆற்றலே கிடையாது. அது வயதானவர்களுக்குத் தள்ளாட்டத்தையும் சிறுநீர்த் தேக்கத்தையும் தருவதுதான் மிச்சம். அதைவிட எனக்குக் கவலை தருவது, கிருமி கலந்த பையோ பிரிவு மாறிய பையோ ஏறும்போது நம்மை எச்சரிக்கும் முதல் மணி காய்ச்சல்தான், அந்த மணியின் நாக்கைக் கட்டிவைப்பதில் என்ன பயன் என்பது. முன்பு பலமுறை காய்ச்சல் கண்டு துன்புற்றவர்களுக்குப் பாரசிட்டமால் (பனடோலில் உள்ள மருந்து) மட்டும் கொடுக்கும் மருத்துவர்கள் இன்றும் உண்டு, அதை நான் குறை சொல்லமாட்டேன். வழக்கம் என்பதற்காக எல்லாருக்கும் கொடுப்பதைத்தான் ஏற்கவில்லை. காய்ச்சல் வந்து, அதன் காரணமும் ஆராயப்பட்ட பிறகு கொடுக்கும் பனடோல் நன்றாகவே வேலை செய்கிறது.

தந்தை அன்றே வீடு திரும்புபவராயின் ஒன்றைக் கவனியுங்கள். வீட்டில் அன்றிரவு காய்ச்சல் கண்டால் மாத்திரையைப் போட்டுப் படுக்க வைத்துவிடாமல், இரத்தம் ஏற்றிய இடத்துக்குத் தொலைபேசியில் தெரிவியுங்கள். நடுக்கமோ மூச்சுத்திணறலோ சேர்ந்திருந்தால் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். மூன்று நாள் முதல் இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலோடு கண் மஞ்சளித்தாலும், சிறுநீர் கறுத்தாலும், ஏற்றிய சிவப்பணுக்கள் தாமதமாகச் சிதைகின்றன என்று ஐயப்பட வேண்டும்.

கேள்வி: குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த இரத்தத்தை அப்படியே ஏற்றுவதால்தானே குளிர் வருகிறது? வெந்நீரில் வைத்து எடுக்கக் கூடாதா? (தெம்பனிஸ் வாசகர்)

பதில்: கூடவே கூடாது. சூடு மிகுந்தால் சிவப்பணுக்கள் பையிலேயே சிதைந்துவிடும். பெரும் இரத்தப்போக்கில் பல பைகளை விரைந்து ஏற்றும்போதும், குளிரில் செயல்படும் எதிர்ப்பொருள் உள்ள நோயாளிகளுக்கும் மட்டுமே, அதற்கென்றே அமைந்த கருவியில் சூடாக்குவார்கள். மெதுவாக ஏறும் ஒரு பைக்கு அது தேவையில்லை, கம்பளி போதும். மெதுவாக என்றாலும் ஒரு பையை நான்கு மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும், அறை வெப்பத்தில் கிருமிகள் பெருகும் என்பதால்.

கேள்வி: தலசீமியா என்னும் பரம்பரை இரத்தசோகை உள்ள எங்கள் ஒன்பது வயது மகனை டிசம்பர் விடுமுறையில் திருச்சிக்கு அழைத்துச் செல்கிறோம். ஆறு வாரம் தங்குவதால் அங்கே ஒரு முறையாவது இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். இங்கே அவனுக்குக் காய்ச்சல் வந்ததில்லை. அங்கே வராமலிருக்க என்ன செய்யலாம்? (பொங்கோல் வாசகி)

பதில்: முன்கூட்டியே கேட்டீர்கள், மகிழ்ச்சி. இந்தியாவில் எல்லா இரத்த வங்கிகளும் எல்லாப் பைகளையும் சேமிப்புக்கு முன் வடிகட்டுவதில்லை. ஆகவே பயணச்சீட்டு எடுக்கும்போதே அங்குள்ள மருத்துவமனைக்கு எழுதி, வெள்ளையணு நீக்கிய சிவப்பணுக்கள் கிடைக்குமா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். கிடைக்காது என்றால், படுக்கையருகே குழாயில் பொருத்தும் வடிகட்டி உண்டா என்று கேளுங்கள். வெள்ளையணுக்களை அதுவும் பிடித்துவிடும். ஆனால் சேமிப்பு நாள்களில் ஏற்கெனவே கசிந்துவிட்ட சைட்டோகைன்களை அதனால் பிடிக்க முடியாது என்பதால், அந்நிலையில் கூடுமானவரை புதிய பையாகக் கேட்பது நல்லது.

மகனின் முழு இரத்தப் பிரிவு விவரம், இதுவரை கண்டறியப்பட்ட எதிர்ப்பொருள்கள், கடைசியாக ஏற்றிய நாள், வழக்கமான அளவு ஆகியவை அடங்கிய கடிதத்தை இங்குள்ள மருத்துவரிடம் வாங்கி, ஒரு படியைக் கைப்பையிலும் ஒரு படியைக் கைப்பேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். புறப்படுவதற்கு முந்திய வாரத்தில் இங்கே ஏற்றிக்கொண்டு போவதற்கு நாள் கேட்டுப் பாருங்கள். அங்கே ஏற்றும் முறைகளின் எண்ணிக்கை குறையலாம். ஏற்றும் அன்று அவன் உடல் வெப்பத்தைத் தொடங்கும் முன் ஒரு முறை குறித்துவையுங்கள், திருச்சி மாரியம்மன் கோவில் கூட்டத்தில் பிடித்த சளிக்காய்ச்சலோடு போய் அமர்ந்துவிட்டு, பழியை இரத்தத்தின் மேல் போட நேரக் கூடாதல்லவா.