பழைய கணினியைச் சீரமைக்கும்போது புதிய பாகம் பொருத்தலாமா?

பொருத்தலாம், சில இடங்களில் பொருத்தியே ஆக வேண்டும். சீரமைப்பு என்றால் பழைய கணினியை அதன் இயல்பு கெடாமல் மீண்டும் இயங்க வைப்பது.

1982-இல் வந்த கொமடோர் 64 என்ற வீட்டுக் கணினியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மின்வழங்கி செங்கல் போல இருக்கும். உள்ளே பிசின் ஊற்றி இறுக்கியிருப்பதால் சூடு எளிதில் வெளியேறாது. பிரித்துப் பழுதுபார்ப்பதும் பெரும்பாடு. 5 வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் பாகம் நாளடைவில் கெட்டால் மின்னழுத்தம் எகிறி, பெரும்பாலும் நினைவகச் சில்லுகள்தாம் முதலில் பலியாகும். இதற்கு மட்டும் நான் தயங்காமல் புதிய மின்வழங்கியையே பரிந்துரைப்பேன். அது 5 வோல்ட் நேர்மின்சாரத்தோடு (DC) 9 வோல்ட் மாறுமின்சாரமும் (AC) தர வேண்டும். இரண்டும் இந்தக் கணினிக்குத் தேவை.

தாத்தா கட்டிய வீட்டில் தேக்குக் கதவையும் தூண்களையும் அப்படியே வைத்துக்கொண்டு, இற்றுப்போன மின்கம்பிகளை மட்டும் மாற்றுகிறோம் அல்லவா? அதுபோலத்தான். கணினியின் செயலியும் ஒலிச் சில்லும் பழையவையாகவே இருக்கும். அவற்றுக்குப் போகும் மின்சாரம்தான் பாதுகாப்பானதாகிறது.

“மீட்டரில் 5 வோல்ட் காட்டுகிறது, பழைய மின்வழங்கியே போதும்” என்று பலர் நம்புகிறார்கள். ஆறியிருக்கும்போது சரியாக இருப்பது, ஒரு மணி நேரம் ஓடிச் சூடேறிய பிறகும் சரியாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.