ஷெட்டில் நிற்கும் பழைய பென்ஸ்: வாங்கலாமா, விட்டுவிடலாமா?

கேள்வி: ஈரோட்டில் ஒரு பெரியவர் வீட்டு ஷெட்டில் 1972 மாடல் பென்ஸ் 220டி நிற்கிறது. பெரியவர் காலமாகி மூன்று வருடம் ஆகிறது. மகன்கள் ஆறு லட்சம் கேட்கிறார்கள். எட்டு வருடமாக வண்டி ஓடவில்லை. "இன்ஜினை மட்டும் ரெடி பண்ணிட்டா போதும் சார், ராஜா மாதிரி ஓடும்" என்கிறார் புரோக்கர். வாங்கலாமா?

பதில்: புரோக்கர் சொன்னதைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த வண்டியில் கடைசியாகக் கவலைப்பட வேண்டியது இன்ஜின்தான்.

1968-ல் வந்து 1976 வரை தயாரான வரிசை இது. பென்ஸ்காரர்கள் டபிள்யூ115 என்பார்கள். 220டி-யில் இருப்பது நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜின், 60 குதிரைத்திறன். ஜெர்மனியில் டாக்ஸியாக உழைத்த வண்டி. இதே வரிசையில் ஒரு 240டி-யை கிரேக்க நாட்டு டாக்ஸிக்காரர் ஒருவர் 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டினார். அது இப்போது பென்ஸ் கம்பெனியிடமே காட்சிப் பொருளாக இருக்கிறது. அவர் இன்ஜினை மாற்றி மாற்றிப் போட்டுத்தான் அவ்வளவு தூரம் ஓட்டினார். இன்ஜினைக் கழற்றி மாட்டலாம். துருப்பிடித்த உடம்பை என்ன செய்வீர்கள்?

நம் ஊரில் இன்னொரு வசதியும் உண்டு. 220டி இன்ஜினின் அடுத்த தம்பியான ஓஎம்616-ஐத்தான் லைசென்ஸ் வாங்கி புனேயில் தயாரித்து டெம்போ டிராவலரிலும் டிராக்ஸிலும் போட்டார்கள். எல்லாப் பாகமும் அப்படியே பொருந்தாது. பிஸ்டன் அளவே வேறு. ஆனால் இந்தக் குடும்பத்து இன்ஜினைப் பிரித்துப் பழகிய மெக்கானிக் உங்கள் ஊரிலேயே கிடைப்பார். பம்ப்பையும் நாசிலையும் ஏதாவது ஒரு நல்ல டீசல் லேபில் பார்த்துக்கொள்ளலாம்.

ஆகவே முதலில் உடம்பைப் பாருங்கள். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். முன் ஃபெண்டரில் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள கீழ்ப்பகுதி, ஹெட்லைட்டைச் சுற்றி, பின் சக்கர வளைவு, கதவுகளின் அடிவிளிம்பு, இங்கெல்லாம் மெதுவாக இழுத்துப் பாருங்கள். தகரம் இருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டிக்கொண்டே வரும். பட்டி வைத்து மூடிய இடத்தில் பிடி விட்டுக் கையோடு வந்துவிடும். அப்புறம் வண்டிக்குள் விரித்த கால் விரிப்பைத் தூக்கித் தரையைத் தட்டுங்கள். டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் குழி, பேட்டரி தட்டு, ஜாக்கி நுழைக்கும் ஓட்டை, இவை மூன்றும் இந்த வண்டியின் ஜாதகம். ஜாக்கி போட்டதும் வண்டி எழும்பாமல் தகரம் நொறுங்கும் சத்தம் கேட்டால், டீ குடித்துவிட்டு வீடு திரும்புங்கள்.

நான் இந்தப் பாடத்தைக் காசு கொடுத்துப் படித்தவன். பளபளவென்று புது பெயின்ட் அடித்த ஒரு பழைய கார் வாங்கினேன். முதல் மழைக்காலத்திலேயே ஃபெண்டரில் கொப்புளம் வந்தது. டிங்கரிங் பட்டறையில் சுரண்டினால் இரண்டு விரல் தடிமனுக்குப் பட்டி, அதற்குள்ளே சுருட்டித் திணித்த செய்தித்தாள். தாளில் கிரிக்கெட் ஸ்கோர்கூடப் படிக்க முடிந்தது. பெயின்ட் அடிக்காமல் மங்கிக் கிடக்கும் வண்டியைக் கண்டால் அன்றிலிருந்து எனக்கு மரியாதை. அது எதையும் மறைக்கவில்லை.

அடுத்தது குரோமும் சில்லறைச் சாமான்களும். இரும்பு பம்பரை மறுபடி பிளேட்டிங் போட்டுவிடலாம். வார்ப்பில் செய்த துத்தநாகப் பாகங்களில் புள்ளி புள்ளியாக அரித்திருந்தால் அதைச் சரிசெய்யும் ஆள் கிடைப்பது கஷ்டம், கூலியும் கூடுதல். கிரில், கைப்பிடிகள், கண்ணாடியைச் சுற்றிய பீடிங், ரேடியோ, சீட் உறை எல்லாம் வண்டியோடு இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். ஜெர்மனியில் ஃபெல்பாக் என்ற ஊரில் பென்ஸுக்கே பழைய வண்டிகளுக்கான தனி மையம் இருக்கிறது. பார்ட் எண் சொன்னால் பல பாகங்கள் வாங்கலாம். ஆனால் விலையோடு சுங்க வரியும் கூரியரும் சேரும்போது மயக்கம் வரும். வண்டியிலேயே இருக்கும் உடைந்த கைப்பிடிகூடப் பணம்தான். அதைத் தூக்கிப் போட விடாதீர்கள்.

சரி, இன்ஜினையும் பார்த்துவிடலாம். ஸ்டார்ட் பண்ணும் முன் டீசல் இன்ஜினுக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக்குகள் இதில் கோயில் திருவிழா சீரியல் செட் மாதிரி, வரிசையாக ஒரே இணைப்பில் இருக்கும். ஒன்று போனால் நாலும் வேலை செய்யாது. டேஷ்போர்டில் சல்லடைக் கண் வைத்த சின்ன மூடிக்குள் ஒரு கம்பிச் சுருள் இருக்கும். ஸ்டார்ட் பண்ணும் குமிழை இழுத்துப் பிடித்ததும் அது மெல்லச் சிவக்க வேண்டும். சிவக்காவிட்டால் பயப்படாதீர்கள், விலையைக் குறைத்துக் கேளுங்கள். எட்டு வருடம் நின்ற வண்டி என்பதால் டேங்க்கைக் கழுவி, ஃபில்டர் மாற்றி, ஆயிலும் மாற்றி, இன்ஜினைக் கையால் சுற்ற முடிகிறதா என்று மெக்கானிக் பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஓடத் தொடங்கியதும் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அப்படியே அந்த ஓட்டையின் மேல் வைத்துப் பாருங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. குதித்துக் கீழே விழுந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது.

காகிதம்தான் உங்கள் விஷயத்தில் பெரிய சிக்கல். பெரியவர் பெயரில் ஆர்சி இருக்கும்போது மகன்கள் நேரடியாக உங்களுக்கு விற்க முடியாது. வாரிசுச் சான்றிதழ் வைத்து, படிவம் 31 கொடுத்து, முதலில் அவர்களில் ஒருவர் பெயருக்கு மாற்ற வேண்டும். மற்ற வாரிசுகள் ஒப்புதல் தர வேண்டும். அதன் பிறகே உங்களுக்கு 29, 30 படிவங்கள். "கையெழுத்து போட்டுத் தர்றோம், நீங்களே பாத்துக்குங்க" என்றால் அட்வான்ஸ் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். சேஸ் எண் 115110 என்றும் இன்ஜின் எண் 615 என்றும் தொடங்குகிறதா என்று ஆர்சியோடு ஒப்பிடுங்கள். இன்ஜின் எண் 616 என்றிருந்தால் யாரோ வேறு இன்ஜின் ஏற்றியிருக்கிறார்கள். அது ஏன் முக்கியம் என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.

ஆறு லட்சம் அதிகமா? தரை கெட்டியாக, சாமான் முழுசாக, காகிதம் சுத்தமாக இருந்தால் பேசிப் பார்க்கலாம். இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் பாதிக்கு மேல் நான் போகமாட்டேன். எந்த விலைக்கு வாங்கினாலும் அதே அளவு பணம் தனியாகக் கையில் இருக்க வேண்டும்.

கேள்வி: 50 வருடம் தாண்டிய காருக்கு "விஏ" நம்பர் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: கட்டாயமில்லை, கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள். 2021 ஜூலையில் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், அப்புறம் புதுப்பிக்க 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவாகும் வண்டிக்குத்தான் "விஏ" எழுத்து.

சாதாரண ஆர்சியாகவே வைத்திருந்தால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 20 வயது தாண்டிய, இறக்குமதியான நான்கு சக்கர வண்டிக்கு அந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 80,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். வெளிநாட்டுக் கார் வைத்திருப்பவருக்கு விண்டேஜ் பதிவு லாபம் என்று இதிலேயே தெரியும்.

ஆனால் விண்டேஜ் என்று பதிந்துவிட்டால் கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பழுது பார்க்க, இதற்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பேரனை ஏற்றிக்கொண்டு ஏற்காடு போக முடியாது. வண்டி அசல் வடிவில் இருக்கிறதா, சேஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யவில்லையா என்று மாநிலக் குழு பார்க்கும். டெம்போ இன்ஜின் ஏற்றிய பென்ஸ் அங்கே மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: ரெஸ்டோர் செய்ய ஒரு பட்டறையில் காரை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. நாலு லட்சம் கொடுத்தாயிற்று. வண்டி பிரித்துப் போட்டபடி கிடக்கிறது. "இன்னும் இரண்டு லட்சம் கட்டு, இல்லாவிட்டால் வண்டியைத் தரமாட்டேன்" என்கிறார். என்ன செய்வது?

பதில்: பட்டறை வேலை என்பது சேவை. ஒப்புக்கொண்டபடி செய்யாவிட்டால் சேவைக் குறைபாடு, நுகர்வோர் வழக்குப் போடலாம். செய்த வேலைக்கான பாக்கி இருந்தால் அது தீரும்வரை வண்டியைப் பிடித்து வைக்க அவருக்கும் சட்டத்தில் உரிமை உண்டு. செய்யாத வேலைக்கு அந்த உரிமை கிடையாது. வண்டி அவசரமாக வேண்டுமென்றால் பணத்தைக் கட்டி, "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கொடுத்து எடுங்கள்; வழக்குக்கு அது தடையாகாது.

முதலில் இன்றே பட்டறைக்குப் போய் ஒவ்வொரு பாகத்தையும் போட்டோ எடுங்கள். எது இருக்கிறது, எது காணவில்லை என்று பட்டியல் எழுதி அவரிடம் கையெழுத்து கேளுங்கள். போட மறுத்தால் அதே பட்டியலோடு பதிவுத் தபாலில் நோட்டீஸ். பிறகு நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், காலம் கடத்தாதீர்கள்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: வண்டியை உங்களுக்கு விற்ற தனிநபர்மேல் இந்த ஆணையத்துக்குப் போக முடியாது. அவர் வியாபாரி இல்லை. அது சிவில் கோர்ட் விவகாரம்.

கேள்வி: பழைய பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். 20 சதவீத எத்தனால் பெட்ரோல் கெடுக்குமா?

பதில்: ஓட்டிக்கொண்டே இருந்தால் குறைவாக, நிறுத்தி வைத்தால் அதிகமாக. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நின்றால் தண்ணீர் டேங்க்கின் அடியில் பிரிந்து இரும்பைத் துருவாக்கும். அந்தக் காலத்து ரப்பர் ஹோஸும் பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரமும் ஊறி வெடிக்கும்; எத்தனால் தாங்கும் ரகத்தில் மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை. கார்புரேட்டர் ஜெட்டையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். மூன்று மாதம் எடுக்கப் போவதில்லை என்றால் டேங்க்கைக் காலி செய்துவிடுங்கள்.

கேள்வி: விண்டேஜ் பதிவு செய்த காரைக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடலாமா?

பதில்: கூடாது. வணிகப் பயன்பாட்டுக்கு விதியில் இடமில்லை. உங்கள் வீட்டுக் கல்யாணம் என்றாலும் அனுமதித்த காரணங்களின் பட்டியலில் மாப்பிள்ளை அழைப்பு இல்லை.