ஓடையில் வண்டியை இறக்குமுன்: கேள்வி பதில்

மாரி ஓய்ந்ததும் திருகோணமலைப் பக்கம் ஜீப் வைத்திருப்பவர்களுக்குக் கால் வீட்டில் நிற்காது. குறுக்கே நாலைந்து ஓடை ஓடும் காட்டுப் பாதை பற்றி வந்த கேள்விகள் இவை.

நிலாவெளித் தம்பி ஒருவர்: சுசுகி ஜிம்னி ஜீப் எவ்வளவு ஆழத் தண்ணீரில் போகும், அண்ணை?

புது ஜிம்னிக்குக் கம்பனி சொல்வது 300 மில்லிமீற்றர், ஒரு அடிக்குச் சற்றுக் குறைவு. பழைய லான்ட் ரோவர் டிஃபென்டர் ஜீப்புக்கே 500 தான். அதுவும் அமைதியாக நிற்கும் தண்ணீருக்கு. இழுத்து ஓடும் தண்ணீர் வேறு சங்கதி. முதலில் ஒரு தடியோடு நீங்கள் நடந்து கடந்து பாருங்கள். கால் நிலைகொள்ளாவிட்டால் வண்டியும் நிலைகொள்ளாது, திருப்புங்கள். அடி தெரியாத கலங்கல் மடு என்றால் நடக்கவும் வேண்டாம். நம் ஆறு குளங்களில் முதலை உண்டு.

மூதூரிலிருந்து: நடு ஓடையில் எஞ்சின் நின்றுவிட்டால்?

திரும்ப ஸ்டார்ட் பண்ணாதீர்கள்! காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டனைத் தள்ளும் தண்டான கனெக்டிங் ராட் வளைந்துவிடும். நான் இளவயதில் அவசரப்பட்டுச் சாவியைத் திருகினேன். எஞ்சினைக் கழற்றிச் செய்த செலவு இன்னும் மனதில் நிற்கிறது. கயிறு கட்டி வெளியே இழுத்து, ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். நனைந்திருந்தால் மெக்கானிக்கிடம்தான்.

நிற்காமல் போக ஒரு வழி: இறங்குமுன்பே லோ ரேஞ்சில் (வேகம் குறைத்து இழுவை கூட்டும் நாலு சில்லு நிலை) முதல் அல்லது இரண்டாம் கியர். உள்ளே கிளச்சைத் தொடாமல் ஒரே சீராக, மெதுவாக. முன்னால் சின்ன அலை ஒன்று எழும். அதன் பின்னாலேயே போங்கள். வேகமாகப் பாய்ந்தால் தண்ணீர் பொனட்டுக்கு மேலே வரும். பழைய வண்டி என்றால் கிரில்லுக்கு முன் படங்கு கட்டுங்கள், ரேடியேட்டர் ஃபேன் தண்ணீரில் அடிபடாமல் தப்பும்.

கிண்ணியாவிலிருந்து: ஓடை மணலில் சில்லு புதைகிறதே?

சில்லுக் காற்றை 18-20 பிஎஸ்ஐ வரை இறக்குங்கள். தார் றோட்டுக்கு ஏறுமுன் மறக்காமல் திரும்பக் காற்று அடியுங்கள்.

உப்புவெளித் தங்கை ஒருவர்: வீட்டுக்கு வந்தபின் என்ன பார்ப்பது?

கரையேறியதுமே பிரேக்கை மெல்ல மெல்ல மிதித்துக் காயவிடுங்கள். மறுநாள் டிஃப் ஒயிலை, அதாவது அச்சு நடுவில் இருக்கும் டிஃபரன்ஷல் பெட்டியின் ஒயிலைப் பாருங்கள். பால் கலந்த தேத்தண்ணி நிறமென்றால் தண்ணீர் போயிருக்கிறது, உடனே மாற்ற வேண்டும்.

கந்தளாயிலிருந்து: மாலையில் போகலாமா?

வேண்டாம். அந்த நேரம் யானை தண்ணீருக்கு வரும். நாலு மணிக்குள் றோட்டுக்கு வந்துவிடுங்கள்.