சர்க்கரை இறங்கியும் கால் மதமதப்பு ஏன்? ஏ.ஜி.இ. பற்றிய கேள்வி பதில்

ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை உடம்பின் புரதங்களில் ஒட்டி, நாள்பட இறுகிப்போனால் அதற்குப் பெயர் ஏ.ஜி.இ. சேலம் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்:

அம்மாப்பேட்டை: ஐயா, மூணு மாச சர்க்கரை 9.2ல இருந்து 7.1க்கு வந்துடுச்சு. பாதத்துல மதமதப்பு மட்டும் அப்படியே இருக்கே?

7.1 என்பது சிவப்பணு சொல்லும் கணக்கு. நரம்பின் கணக்கு வேறு. குளுக்கோஸ் புரதத்தில் ஒட்டிய முதல் சில மணி நேரத்தில் கழன்றும் விடும். நாள், வாரம் என்று போனால் கொஞ்சம் இறுகும். மூணு மாச சர்க்கரை என்று நீங்கள் சொல்லும் ஹெச்பிஏ1சி பரிசோதனை, சிவப்பணுவில் அளப்பது இந்த நிலையைத்தான். மாதம், வருடம் என்று நீடித்தால் ஒட்டியது உருமாறி, பக்கத்துப் புரதத்தோடு பாலம் போட்டுக்கொள்கிறது. அந்தப் பாலம்தான் ஏ.ஜி.இ. அது தானாகக் கழலாது.

சிவப்பணு சுமார் 120 நாளில் மடிந்து புதிது வரும். ஒட்டியதும் அதோடு போய்விடும். தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் பாதி மாறவே ஏறக்குறைய 15 வருடம் ஆகும். கண் லென்ஸின் நடுவில் உள்ள புரதம் ஆயுளுக்கும் மாறாது. பழைய பாக்கி இப்படி மெதுவாக மாறும் இடங்களில்தான் தங்குகிறது, நரம்பும் அதில் சேர்த்தி. முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளிடம் நடந்து 1993ல் வெளிவந்த டிசிசிடி ஆய்வு முடிந்த பிறகு, கறாராகக் கட்டுப்படுத்திய குழு, சாதாரணமாக விட்ட குழு இரண்டுமே ஹெச்பிஏ1சி 8 வாக்கில் வந்து நின்றன. ஆனாலும் முதலில் கறாராக இருந்தவர்களுக்குக் கண், சிறுநீரகக் கோளாறுகள் பல வருடம் குறைவாகவே இருந்தன. இதற்கு ஏ.ஜி.இ.யும் ஒரு காரணம் என்பதுதான் விளக்கம்.

எல்லாப் பழியையும் அதன் மேலேயே போடவும் வேண்டாம். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடமாகச் சாப்பிட்டால் பி12 வைட்டமின் குறைந்து இதே மதமதப்பு வரலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மூன்று மாதத்துக்குள் ஹெச்பிஏ1சியை 2 புள்ளிக்கு மேல் வேகமாக இறக்கியிருந்து, புதிதாக எரிச்சல் வலி வந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அப்படி இறக்கும்போது விழித்திரைக் கோளாறு கொஞ்ச நாள் கூடுவதும் உண்டு, கண்ணையும் பார்த்துவிடுங்கள்.

தாரமங்கலம், தறி ஓட்டுபவர்: விரல் முழுசா நீள மாட்டேங்குது. வாதமா?

கும்பிடுவது போல இரண்டு உள்ளங்கையையும் ஒட்டிப் பாருங்கள், முழங்கை தோள் மட்டத்துக்கு வரட்டும். விரல்களுக்கு நடுவே சந்து விழுந்து, சுண்டு விரலும் மோதிர விரலும் வளைந்தே நின்றால், கொலாஜன் இறுகிப்போன கை அது. புறங்கைத் தோலைக் கிள்ளினால் மெழுகு போலத் தடித்து, மடிப்பு சரியாக எழாது. வலி பெரிதாக இருக்காது, அதனால்தான் தள்ளிப்போடுகிறார்கள். தினமும் வெதுவெதுப்பான நீரில் கை வைத்து, மெதுவாக விரலை நீட்டிப் பழகுங்கள். இழுத்து முறிக்க வேண்டாம். கை இப்படி ஆனவர்களுக்குக் கண், சிறுநீரகப் பாதிப்பும் சேர்ந்திருக்கும் வாய்ப்பு அதிகம். விழித்திரைப் பரிசோதனையும், சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று காட்டும் ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதமும் (30க்குக் கீழ் இருப்பது நல்லது) தவறாமல் பாருங்கள்.

ஏற்காடு: காபிக் கொட்டை வறுக்கும்போது வர்ற நிறமும் இதே சமாச்சாரம்தானா? அப்போ காபியை விடணுமா?

அதே குடும்பம்தான். சர்க்கரையும் புரதமும் சூட்டில் சேர்ந்து பழுப்பாவதை 1912ல் மயார் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிவைத்தார். உடம்பில் 37 டிகிரியில், மெதுவாக, அதற்கு நெருங்கிய வேலைதான் நடக்கிறது. காபியை விட வேண்டியதில்லை. அதில் விழும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையை விடுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை: தட்டுவடை செட், கறி வறுவல் எல்லாம் மொத்தமா நிறுத்திடணுமா?

உணவில் இருக்கும் ஏ.ஜி.இ.யில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் ரத்தத்தில் சேர்கிறது என்று கணக்கு. உள்ளே நாள் முழுக்க ஓடும் சர்க்கரைதான் பெரிய ஆலை. ஆனாலும் சிறுநீரகம் சரியில்லாதவருக்கு வெளியேற்றம் குறைவு, அவர் கவனமாக இருக்க வேண்டும். ஈரச் சூடு நல்லது: குழம்பு, ஆவி, வேகவைப்பு எதுவும் 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது. எண்ணெயும் காய்ந்த கல்லும் 170ஐத் தொடும், ஏ.ஜி.இ. அங்கேதான் குவியும். வறுத்தே ஆக வேண்டுமென்றால், அரைக் கிலோ கறிக்கு இரண்டு எலுமிச்சம்பழச் சாறு பிசறி ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். புளிப்பு இருந்தால் இந்த வினை தணிகிறது. கருகிய ஓரத்தை வெட்டிப் போடுங்கள். தட்டுவடையில் நிறம்கூட அப்புறம்தான், அதன் அரிசி மாவே சர்க்கரையை ஏற்றும். செட் ஒன்றை இருவர் பங்கிட்டு, துருவிய பீட்ரூட், கேரட்டைக் கூட்டிக்கொண்டால் போதும்.

ஆத்தூர்: ரத்த சோகை இருக்கு, மூணு மாச சர்க்கரையை நம்பலாமா?

இரும்புச் சத்துக் குறைவால் வந்த சோகை என்றால் எண் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். ரத்தம் போயிருந்தாலோ சிவப்பணு சீக்கிரம் உடைந்தாலோ குறைவாகக் காட்டும். விரல் குத்திப் பார்க்கும் அளவோடு ஒப்பிடுங்கள்: 7 என்றால் சராசரி 154, 8 என்றால் 183 வாக்கில் இருக்க வேண்டும்.

ஓமலூர்: ஏ.ஜி.இ.யைக் கரைக்கும் மாத்திரைன்னு விக்கிறாங்களே?

வாங்காதீர்கள். அமினோகுவானிடின் என்ற மருந்தை இதற்கென்றே மனிதர்களிடம் சோதித்தார்கள். எதிர்பார்த்த பலன் வரவில்லை, பக்க விளைவும் வந்தது. அந்தக் காசுக்கு, விரல் குத்திச் சர்க்கரை பார்க்கும் பரிசோதனைப் பட்டை வாங்கலாம். பீடி பிடிப்பவரானால் அதை நிறுத்துங்கள், புகையிலைப் புகையும் இதே பொருள்களைத்தான் ரத்தத்தில் ஏற்றுகிறது.