டிஎன்ஏவை வெட்டும் நொதிகள்: கேள்வி பதில்

பிளஸ் டூ மாணவி: சார், டிஎன்ஏ நகலாகும்போது புதிதாகக் கோத்தால் போதாதா? வெட்டுவதற்கு அங்கே என்ன வேலை?

ஒகாசாகி துண்டுகள் படித்திருப்பீர்கள். புதிதாக உருவாகும் இரண்டு இழைகளில் ஒன்றான பின்தங்கும் இழை துண்டு துண்டாக உருவாகிறது; அவைதான் இந்தத் துண்டுகள். மனித செல்லில் ஒரு துண்டு சுமார் 100 முதல் 200 நியூக்ளியோடைடு (டிஎன்ஏ சங்கிலியின் ஒரு கண்ணி) நீளம். ஒவ்வொன்றும் ஆர்என்ஏ பிரைமர் எனும் சிறு தொடக்கத் துண்டில் தொடங்கும். அந்த ஆர்என்ஏ அங்கேயே தங்கிவிடக் கூடாது. ஒரு துண்டை நீட்டிக்கொண்டு வரும் பாலிமரேஸ் (டிஎன்ஏவைக் கோக்கும் நொதி), எதிரே இருக்கும் துண்டின் தொடக்கத்தை நெம்பிக் கிளப்புகிறது. கிளம்பிய நுனி வால்போலத் தொங்கும். ஃபென்1 என்ற நொதி அந்த வாலை அடியோடு அறுக்கிறது. ஒரு நியூக்ளியோடைடு மிஞ்சினாலும் குறைந்தாலும் துண்டுகளை இணைக்கும் லிகேஸ் நொதியால் ஒட்ட முடியாது. ஒருமுறை செல் பிரிவதற்குள் இது கோடிக்கணக்கான இடங்களில் நடந்து முடிகிறது. இன்னொன்று: ஒகாசாகி என்பது ஒருவரல்ல. நகோயா பல்கலைக்கழகத்தில் ரெய்ஜி, சுனெகோ என்ற தம்பதி சேர்ந்து செய்த வேலை. புத்தகங்களில் சுனெகோ காணாமல் போவது எனக்கு உறுத்தல்தான்.

பி.ஃபார்ம் மாணவர்: சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் பாக்டீரியாவின் கைரேஸ் நொதியைத் தடுக்கிறது என்கிறார்கள். கைரேஸ் நின்றால் பாக்டீரியா வளராமல்தானே இருக்கும், ஏன் சாகிறது?

நல்ல கேள்வி. "தடுக்கிறது" என்று சொல்வதால் வரும் குழப்பம் இது. முறுக்கிய கயிற்றின் இரு புரியையும் ஒரு முனையில் பிரித்துக்கொண்டே போனால் முன்னால் முறுக்கு ஏறும், டிஎன்ஏவிலும் அப்படியே. அதைத் தளர்த்த கைரேஸ் இரண்டு இழைகளையும் வெட்டுகிறது. வெட்டிய நுனிகளைக் கைவிடுவதில்லை. தன் டைரோசின் அமினோ அமிலங்களில் பிணைத்து வைத்திருந்து, முறுக்கு தளர்ந்ததும் ஒட்டிவிடுகிறது. மருந்து புகுவது வெட்டுக்கும் ஒட்டுக்கும் நடுவில். நொதி நுனியைப் பிடித்தபடியே மாட்டிக்கொள்ள, நகலெடுக்கும் இயந்திரம் அங்கே முட்டி, குரோமோசோம் உடைகிறது. வெட்டவே விடாமல் செய்திருந்தால் இவ்வளவு சேதம் வராது.

கேம்ப்டோதீசின் என்ற தாவரப் பொருள், மனிதரில் இந்த முறுக்கைத் தளர்த்தும் டோபோஐசோமரேஸ்1 நொதியை இதே வழியில் சிக்கவைக்கிறது. அதிலிருந்து பிறந்த இரினோடெகான் பெருங்குடல் புற்றுநோய் மருந்து. கேம்ப்டோதீசின் முதலில் ஒரு சீன மரத்தில் கிடைத்தது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நோதபோடைட்டிஸ் மரத்திலும் இருக்கிறது.

இன்னொருவர்: வெயில் பட்டுக் கெடும் டிஎன்ஏவையும் இப்படித்தான் வெட்டுகிறார்களா?

புற ஊதாக்கதிர் பட்டால் அடுத்தடுத்த தைமின்கள் (தைமின் டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்று) ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எக்ஸ்பிஎஃப் என்ற நொதி ஒரு பக்கம், எக்ஸ்பிஜி என்ற நொதி மறுபக்கம் வெட்ட, 30 நியூக்ளியோடைடு அளவுள்ள துண்டு கழன்று வரும். எக்ஸ்பிஎஃப் முதலில் வெட்டும். இடைவெளியை நிரப்பும் வேலை தொடங்கிய பிறகே எக்ஸ்பிஜி வெட்டுகிறது. ஆள் தயாராகும் முன் பள்ளம் தோண்டுவதில்லை! இந்த வழி பிறவியிலேயே பழுதானவர்களுக்கு ஜெரோடெர்மா பிக்மென்டோசம் என்ற நோய் வரும். சிறுவயதிலேயே தோல் புற்றுநோய் வரலாம்.

பிளஸ் டூ மாணவி: கிரிஸ்பர் காஸ்9 இந்தப் பட்டியலில் சேருமா சார்?

சேராதும்மா. ஜீன்களைத் திருத்த இன்று பயன்படும் அந்த நொதி, செல் தன் டிஎன்ஏவைப் பராமரிக்க வைத்திருப்பது அல்ல; வைரஸை எதிர்க்க பாக்டீரியா வைத்திருக்கும் ஆயுதம். இரண்டு இழைகளையும் வெட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. ஒட்டுவது செல்லின் சொந்த ரிப்பேர் நொதிகள். காஸ்9 கொண்டு ஜீனை முடக்க நினைப்பவர்கள் அந்த ரிப்பேரில் வரும் பிழையைத்தான் நம்பியிருக்கிறார்கள்.