கைதட்டலும் ராக்டைமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் மிசௌரி மாநிலத்தில் வசிக்கிறேன். சென்ற மாதம் பக்கத்து ஊர் ஜாஸ் விழாவுக்கு மகளை அழைத்துச் சென்றிருந்தேன். பெரிய மேடையில் ஒரு குழு இறங்கி அடுத்த குழு ஏறும் இடைவேளையில், ஓர் இளைஞர் சிறிய கூடாரத்தில் பியானோவில் ராக்டைம் வாசித்தார். விரல்கள் கண்ணுக்கே தெரியவில்லை, அவ்வளவு வேகம். நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று தாளத்துக்குக் கைதட்டினோம். பியானோ கற்கும் என் மகள், "இது ஜாஸா, இல்லையா?" என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நம் தனி ஆவர்த்தனத்தோடு இதற்கு உறவு உண்டா? அவள் இதைக் கற்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்கள் கடிதம் வந்த வாரம் நான் ராக்டைமின் பெரிய இசையமைப்பாளரான ஸ்காட் ஜாப்ளினின் இசைத்தாள்களைத்தான் புரட்டிக்கொண்டிருந்தேன்; அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

தனி ஆவர்த்தனத்தை இங்கே இழுக்க வேண்டாம். எந்த இசையைக் கேட்டாலும் அதற்கு நம் வீட்டில் ஓர் உறவுக்காரரைத் தேடுவது நம்மவர்களின் பழைய நோய். மகளின் கேள்விக்கு ஜாஸ் பியானோ கலைஞர் ஜெல்லி ரோல் மார்ட்டன் 1938-லேயே பதில் சொல்லிவிட்டார். வாஷிங்டன் காங்கிரஸ் நூலகத்தில், நாட்டுப்புற இசையைச் சேகரித்த ஆலன் லோமாக்ஸின் ஒலிப்பதிவுக் கருவிக்கு முன் அமர்ந்து, ஜாப்ளினின் 'மேப்பிள் லீஃப் ராக்'கை முதலில் மிசௌரிக்காரர்கள் வாசிக்கும் விதத்திலும் பிறகு தன் சொந்த விதத்திலும் வாசித்துக் காட்டினார். முன்னது ராக்டைம், தாளில் எழுதி முடிக்கப்பட்ட இசை. பின்னது ஜாஸ், அதை அவர் வாசிக்கும்போதே உருமாற்றிக்கொண்டு போகிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள், அவளே சொல்வாள்.

என்னை உறுத்துவது நீங்கள் மெச்சி எழுதியிருக்கும் அந்த வேகம். ஜாப்ளின் தன் படைப்புகள் பலவற்றின் இசைத்தாளிலேயே, இதை வேகமாக வாசிக்காதீர்கள், ராக்டைமை வேகமாக வாசிப்பது ஒருபோதும் சரியாகாது என்று அச்சிட வைத்தார். 1908-இல் வெளியிட்ட பயிற்சிப் பாடங்களிலும் மெதுவாக வாசிக்கும்படிதான் சொன்னார். ஒரு மனிதர் இப்படித் திரும்பத் திரும்பக் கெஞ்சிக் கேட்டதை மீறி வாசிப்பவரை எழுந்து நின்று பாராட்டியிருக்கிறீர்கள்.

அவர் ஏன் கேட்டார் என்று பாருங்கள். இடக்கை கீழே ஒரு சுரத்தை அழுத்தி, மேலே தாவி ஒரு கார்டை (சேர்ந்தொலிக்கும் சில சுரங்களை) தொட்டு, மறுபடி கீழே இறங்குகிறது. அணிவகுப்பு இசையிலிருந்து வந்த, மனிதர் நடக்கும் நடை அது. வலக்கையோ அந்த அடிகளோடு சேர்ந்து விழாமல், சற்று முந்தி விழுந்து அடுத்த அடியின் மேல் நீண்டு கிடக்கிறது. அடி எங்கே விழும் என்று காது காத்திருக்க நேரம் கிடைத்தால்தான், அது வேறிடத்தில் விழும்போது உடம்பு சிலிர்க்கும். வேகத்தைக் கூட்டினால் இரண்டு கைகளும் கலந்து ஒரே இரைச்சலாகிவிடும். போதாததற்கு, கூட்டமும் சேர்ந்து தட்டும்போது இடக்கையின் வேலையைக் கூட்டமே எடுத்துக்கொள்கிறது. வாசிப்பவர் அதற்குப் பின்னால் ஓட வேண்டியதுதான்.

பல ஆண்டுகளுக்கு முன் சாக்ரமென்டோ ஜாஸ் விழாவுக்குப் போயிருந்தேன். 1974-இல் தொடங்கி 2017-ஓடு நின்றுபோன விழா. ஒரு பக்கத்து அறையில் ஒரு முதியவர் 'மேப்பிள் லீஃப் ராக்' வாசிக்க ஆரம்பித்தார், நாங்கள் தட்ட ஆரம்பித்தோம். அவர் வாசிப்பதை நிறுத்தினார். கோபப்படாமல் இரண்டு கைகளையும் தன் மடியில் வைத்துக் காட்டினார். நாங்களும் அப்படியே வைத்துக்கொண்டோம். பிறகு முதலிலிருந்து தொடங்கினார். அவருடைய இடது சுண்டுவிரல் மூட்டு வீங்கி வளைந்திருந்தது. அந்த விரல்தான் ஒவ்வொரு முறையும் கீழ்ச்சுரத்தைத் தேடிப் போய்ச் சரியாக அமர்ந்தது. முதல் பகுதியில் ஒரே சுரக்கோவை கீழிருந்து படிப்படியாக மேலேறிப் போகும் இடம் ஒன்று உண்டு. வேகமாக வாசிப்பவர்களிடம் அது ஒரு சறுக்கலாகக் கடந்துவிடும். அன்று ஒவ்வொரு படியும் தனித்தனியாகக் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த இசை 1899-இல் உங்கள் மாநிலத்துச் சிடேலியாவில்தான் வெளிவந்தது. பதிப்பாளர் ஜான் ஸ்டார்க்குடன் செய்த ஒப்பந்தப்படி ஜாப்ளினுக்குப் பிரதிக்கு ஒரு சென்ட். பிறகு அவர் 'ட்ரீமோனிஷா' என்ற முழு நாடக இசையை எழுதி, 1911-இல் தன் பணத்தில் அச்சிட்டார். அதை முழுமையாக மேடையேற்ற அட்லாண்டாவில் 1972-இல்தான் ஆள் கிடைத்தது. 1917-இல் நியூயார்க்கில் இறந்தவரின் கல்லறைக்கு 1974 வரை பெயர்க்கல் இல்லை. இதற்கிடையில் ராக்டைம் என்றால் மதுக்கடைப் பியானோவில் தடதடவென்று அடிக்கும் வேடிக்கை என்றே ஊர் நினைத்துவிட்டது. 1970-இல் பியானோ கலைஞர் ஜோஷுவா ரிஃப்கின் ஜாப்ளினின் ராக்டைம் படைப்புகளை நிதானமாக வாசித்து இசைத்தட்டாக வெளியிட்ட பிறகுதான், இவை ஓர் இசைமேதை எழுதியவை என்று பலர் காதுகொடுத்தார்கள். அந்தக் கூடாரத்து இளைஞருக்கு இது தெரியாதிருக்கலாம். உங்களுக்கு இனித் தெரியும்.

மகள் கட்டாயம் கற்கட்டும். முதல் மாதம் இடக்கை மட்டும் போதும். அதோடு சேர்ந்து அறைக்குள் நடக்க முடிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கோடைத் தொடக்கத்தில் சிடேலியாவில் ஜாப்ளின் பெயரிலேயே விழா நடக்கிறது. அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு வந்து எனக்கு எழுதுங்கள்.