‘கன்சிஸ்டென்ட் வித் இஸ்கீமியா’: எந்த கோடு போடுவது?

கேள்வி: சென்னையில் மெடிக்கல் கோடிங் வேலை (டாக்டர் எழுதியதைப் பில்லுக்கான கோடு எண்களாக மாற்றுவது). இன்பேஷண்ட் (அட்மிட் ஆனவர்கள்) டீமில் இரண்டு வருடம் இருந்துவிட்டு, இப்போது அமெரிக்க கார்டியாலஜி அவுட்பேஷண்ட் (அட்மிட் ஆகாதவர்கள்) சார்ட் பார்க்கிறேன். 58 வயது ஆண், நடந்தால் நெஞ்சுவலி என்று நியூக்ளியர் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் (பயிற்சியோ மருந்தோ கொடுத்து, இதயத் தசைக்கு ரத்தம் போவதைப் படமெடுப்பது). இம்ப்ரெஷனில் (ரிப்போர்ட்டின் முடிவுப் பகுதி), ‘ரிவர்சிபிள் டிஃபெக்ட், இன்ஃபீரியர் வால், கன்சிஸ்டென்ட் வித் இஸ்கீமியா’, அதாவது ரத்த ஓட்டக் குறைவோடு ஒத்துப்போகிறது என்று இருந்தது. ஐ25.10 (இதய ரத்தக்குழாய் அடைப்பு நோய்) போட்டேன். ஆடிட்டர் எரர் போட்டு ஆர்94.39 (டெஸ்ட் முடிவு அப்நார்மல்) என்று மாற்றிவிட்டார். டாக்டரே இஸ்கீமியா என்று எழுதிய பிறகு இது என்ன நியாயம்?
— வாசகி, தாம்பரம்

பதில்: ஆடிட்டர் செய்தது சரிதான். சொல்லப்போனால் உங்கள் கோடில் இரண்டு தவறு இருக்கிறது.

முதல் தவறு பழைய டீமிலிருந்து கூடவே வந்தது. இன்பேஷண்ட் ஆஸ்பத்திரி பில்லில், டிஸ்சார்ஜ் நேரத்திலும் ‘ப்ராபபிள்’, ‘சஸ்பெக்டட்’, ‘கன்சிஸ்டென்ட் வித்’ என்றே டாக்டர் எழுதியிருந்தால், அந்த நோய் இருப்பதாகவே கோடு போடலாம். அவுட்பேஷண்டில் விதி நேர் எதிர். ஐசிடி-10-சிஎம் (அமெரிக்காவின் நோய்க் கோடுத் தொகுப்பு) கைட்லைனின் நான்காம் பகுதி, சந்தேகச் சொல்லோடு வரும் நோயைக் கோடு செய்யவே கூடாது என்கிறது. ‘கன்சிஸ்டென்ட் வித்’, ‘கம்பாட்டிபிள் வித்’ இரண்டும் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லியே இருக்கின்றன. உறுதியாகத் தெரிந்தது வரைக்கும்தான் போகலாம். இந்த சார்ட்டில் உறுதியானவை இரண்டு: டெஸ்ட் அப்நார்மல், நோயாளிக்கு நெஞ்சுவலி. ஆகவே ஆர்94.39, கூடவே நெஞ்சுவலிக்கு ஆர்07.9. ஆர்94.39 நோயின் பெயர் அல்ல, வலிக்குக் காரணமும் சொல்வதில்லை. அதனால் நெஞ்சுவலியை விட்டுவிடக் கூடாது. விட்டால், டெஸ்ட் ஏன் எடுத்தார்கள் என்பதற்கு க்ளெய்மில் பதில் இருக்காது.

இரண்டாவது தவறு இன்னும் அடிப்படையானது. ‘கன்சிஸ்டென்ட் வித்’ இல்லாமல் ‘மயோகார்டியல் இஸ்கீமியா’ என்று மொட்டையாக எழுதியிருந்தாலும் ஐ25.10 வராது. அது ரத்தக்குழாயில் அடைப்புப் படிவு, அதாவது அதிரோஸ்க்ளிரோசிஸ் அல்லது சிஏடி (கரோனரி ஆர்ட்டரி டிசீஸ்) என்று எழுதப்பட்டிருந்தால் மட்டும். கோடு புத்தகத்தின் இண்டெக்ஸில் ‘இஸ்கீமியா, மயோகார்டியம்’ என்று தேடிப் பாருங்கள், ஐ25.9-க்குத்தான் (வகை குறிப்பிடாத நாள்பட்ட இஸ்கீமிக் இதய நோய்) கொண்டுபோய் விடும். ‘சைலன்ட்’ (அறிகுறி இல்லாதது) என்று டாக்டரே எழுதினால் ஐ25.6. இஸ்கீமியா இருந்தால் சிஏடி இல்லாமலா என்று மனம் சொல்லும்தான். அந்த முடிவு டாக்டருடையது. ‘ஃபிக்ஸ்டு டிஃபெக்ட், சஜஸ்டிவ் ஆஃப் ப்ரையர் இன்ஃபார்க்ட்’ என்று பார்த்ததும் ஐ25.2 (பழைய மாரடைப்பு) போடுவதும் இதே ரகம்.

‘எவிடென்ஸ் ஆஃப் இஸ்கீமியா’ என்ற சொற்றொடரில் மட்டும் கவனம் வேண்டும். அது சந்தேகச் சொல்லாகக் கருதப்படுவதில்லை. அதுவே ‘எவிடென்ஸ் சஜஸ்டிவ் ஆஃப்’ என்றால் மறுபடி சந்தேகம். ஒரு சொல்லில் கோடு மாறிப்போகும். அதனால் இம்ப்ரெஷனை வேகமாகப் படித்துவிட்டு நகராதீர்கள்.

ஆர்94.39-க்குப் பக்கத்திலேயே இரண்டு கோடுகள் ஆளை ஏமாற்றும். ஆர்94.31 ஓய்வில் எடுத்த சாதாரண ஈசிஜி அப்நார்மலாக இருந்தால். ஆர்93.1 இமேஜிங்கில் தெரிவது, அப்நார்மல் எக்கோ அதில் அடங்கும். ஓடும்போது ஈசிஜி கோட்டில் எஸ்டி என்ற பகுதி இறங்கியது என்பதற்காக ஆர்94.31 எடுக்க வேண்டாம். அது ஸ்ட்ரெஸ் டெஸ்டின் முடிவு.

அடுத்து, அப்நார்மலே இல்லாததை அப்நார்மல் ஆக்குவது. உங்கள் நோயாளியின் வயதுக்கு அதிகபட்ச இதயத்துடிப்பு 220-ல் 58 போக 162. அதில் 85 சதவீதம், அதாவது சுமார் 138, எட்ட வேண்டும். முழங்கால் வலியால் 121-லேயே நிறுத்திவிட்டார், ஈசிஜியில் மாற்றமும் இல்லை என்று வையுங்கள். இம்ப்ரெஷன் ‘நான்-டயக்னாஸ்டிக்’ (முடிவு சொல்ல முடியாதது) என்று வரும். இதற்கு ஆர்94.39 கிடையாது, டெஸ்டுக்குக் காரணமான நெஞ்சுவலிதான் கோடு. ஆரம்பத்திலேயே எல்பிபிபி (இதயத்தின் இடது மின்பாதையில் தடை) அல்லது பேஸ்மேக்கர் ரிதம் இருந்து, எஸ்டியைப் படிக்க முடியவில்லை என்று எழுதினாலும் இப்படித்தான்.

தலைவலி பிடித்தது இன்னொரு வகை. ரிப்போர்ட்டின் நடுவில் ‘வி4 முதல் வி6 வரை 1.5 மில்லிமீட்டர் ஹரிஸான்டல் எஸ்டி டிப்ரெஷன்’ (மார்பு லீடுகளில் எஸ்டி இறக்கம்) என்று இருக்கும், இம்ப்ரெஷனில் அதைப் பற்றிப் பேச்சே இருக்காது. 1 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ என்றால் பாசிட்டிவ் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தாலும் எண்ணைப் பார்த்து கோடர் முடிவெடுக்கக் கூடாது. குவெரி, அதாவது டாக்டருக்கு எழுத்தில் கேள்வி, போடுங்கள். ‘இது பாசிட்டிவ்தானே, உறுதிப்படுத்தவும்’ என்று கேட்டால் பதிலை நீங்களே வாயில் ஊட்டுவது போல. இப்படிக் கேட்கலாம்: ‘உச்சகட்டப் பயிற்சியில் வி4–வி6-ல் 1.5 மில்லிமீட்டர் எஸ்டி டிப்ரெஷன் பதிவாகியுள்ளது. ஈசிஜி பகுதியின் முடிவைத் தெரிவிக்கவும்: பாசிட்டிவ் / நெகட்டிவ் / நான்-டயக்னாஸ்டிக் / வேறு / தீர்மானிக்க இயலவில்லை.’

ஆர்டரில் ‘ரூல் அவுட் சிஏடி’ (சிஏடி இல்லையா என்று பார்க்கவும்) என்று மட்டும் இருந்தால் அதுவும் கோடு ஆகாது. விசிட் நோட்டில் அறிகுறியைத் தேடுங்கள். அறிகுறியே இல்லாத ஸ்க்ரீனிங் என்றால் இசட்13.6 முதலில், அப்நார்மலாக வந்தால் ஆர்94.39 அதன் பின்னால். ஆபரேஷனுக்கு முன் எடுத்தது என்றால் இசட்01.810 முதலில், பிறகு ஆபரேஷனுக்கான காரணம், அப்புறம்தான் டெஸ்ட் முடிவு.

இதே நோயாளி கேத்துக்கு (ரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழாய் விட்டுப் பார்ப்பது) போய், சிஏடி என்று டாக்டர் எழுதிவிட்டால் ஆர்94.39-ன் வேலை அங்கே முடிந்தது. சிஏடியோடு ஆஞ்சைனாவும் (இதயத்தால் வரும் நெஞ்சுவலி) எழுதியிருந்தால், வேறு காரணம் சொல்லாதவரை இரண்டையும் சேர்த்து ஐ25.119 போன்ற கூட்டுக் கோடு. ஆஞ்சைனாவுக்கான ஐ20.9-ஐத் தனியாக ஒட்ட வேண்டாம்.

ப்ரொசீஜர் பக்கமும் ஒரு பார்வை பாருங்கள். டெஸ்ட் ஆஸ்பத்திரியில் நடந்தால் முழு ஸ்ட்ரெஸ் டெஸ்டுக்கான 93015 வராது. டாக்டருக்கு 93016-ம் (கண்காணிப்பு) 93018-ம் (முடிவு எழுதுவது), ஆஸ்பத்திரிக்கு 93017 (ஈசிஜி பதிவு). 93016 போட, கண்காணித்தவர் யார் என்று ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். ரெஸ்ட், ஸ்ட்ரெஸ் இரண்டு படமும் எடுத்தால் 78452. ஒன்றுதான் எடுத்தார்கள் என்றால் 78451. மேலே சொன்ன முழங்கால் வலிக்காரர் அடுத்த முறை வந்தால் ஓடவிட மாட்டார்கள், பயிற்சிக்குப் பதிலாக ரெகாடெனோசான் என்ற மருந்து 0.4 மில்லிகிராம் ஊசி போடுவார்கள். அந்த மருந்தின் கோடான ஜே2785-ல் ஒரு யூனிட் என்பது 0.1 மில்லிகிராம். ஒரு ஊசிதானே என்று 1 போடாதீர்கள், 4 யூனிட்.